வேட்டி போர்த்திய மிருகம்

கருப்பும் வெள்ளையுமாகப் பிறந்த மிருகங்கள் இந்த உலகத்தில் எங்கெங்கே இருக்கின்றன, எதைத் தின்கின்றன, யாருக்குப் பயப்படுகின்றன என்பதெல்லாம் ஒன்பது வயதிலேயே எனக்குத் தலைகீழ்ப் பாடம். கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில் முல்லையாற்று வாய்க்கால் பாய்கிற ஒரு கிராமத்தில், கன்றுக்குட்டியை ஓட்டிக்கொண்டு திரிந்த பயலுக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த வருஷம், அந்த மிருகங்களில் ஒன்று நிஜத்தில் உண்டா இல்லையா என்பதை வைத்து ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி இருக்கலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல எங்கள் ஊர்ச்சாவடி கூடியது. அதற்குச் சாட்சி நான். சாட்சி சொன்ன லட்சணத்தை இப்போது எழுதும்போதும், பேரன் எடுக்கப்போகிற வயதில், ஒரு கை தானாக இடுப்புக்குப் போய்விடுகிறது.

முதலில் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறும் முன் தன் தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் கண்டவருக்கும் கொடுத்துவிட்டுப் போனார். சமையல்காரனுக்கு நாற்காலி, கணக்கப்பிள்ளைக்குத் தொப்பி, எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தடித்த புத்தகம். உலகத்து மிருகங்கள் எல்லாம் அதில் படமாக இருந்தன. வாத்தியார் இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொல்வார். அச்சு முழுக்கக் கருப்பு மை. சிங்கம், ஒட்டகம், பஞ்சவர்ணக்கிளி எல்லாமே கருப்பும் வெள்ளையும்தான். சீமை மிருகங்களுக்கு நிறமே கிடையாது, கடவுள் சாயம் முழுவதையும் நம் பக்கத்து மாடுகளுக்கே பூசித் தீர்த்துவிட்டார் என்று எங்கள் வகுப்பு ஏகமனதாக முடிவு கட்டியது. வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். எது மையினால் கருப்பு, எது பிறவியிலேயே கருப்பு என்று பிரித்துச் சொல்ல அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. பிறவியிலேயே கருப்பும் வெள்ளையுமாக இருப்பவற்றை மட்டும் ஒரு பட்டியலாக எழுதி மனப்பாடம் செய்யச் சொன்னார். ஏன் அவற்றுக்கு அப்படி ஒரு தோல் என்று நான் கேட்டேன். கருப்பையும் வெள்ளையையும் திட்டுத் திட்டாகப் போட்டால் பார்க்கிறவன் கண்ணுக்கு உருவம் சேராது, மிருகத்தைப் பார்த்துப் பாறை என்பான், நிழல் என்பான், அதுதான் அது பிழைத்துக் கிடக்கிற வழி என்றார்.

சித்தப்பா வந்தது அந்தப் பங்குனியில். என் அப்பாவின் ஒரே தம்பி. நான் தொட்டிலில் கிடந்தபோதே மலாயாவுக்கு ரப்பர் மரம் சீவப் போனவர். கூடப் போனவர் வடக்குத்தெரு மாமா. இருவரும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடத்திலிருந்து ஒரே நாளில் ஓடிப்போனவர்கள். மாமாவுக்கு அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். மூன்று வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனாராம். மூன்று வருஷம் கடிதம் வந்தது. பிறகு சண்டை வந்தது. ஜப்பான்காரன் தோட்டத்து ஆட்களை மந்தையாக ஓட்டிக்கொண்டு போய்ச் சயாம் காட்டில் ரயில் பாதை போடவைத்தான். சண்டை முடிந்த மறு வருஷம் சித்தப்பா மட்டும் பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

இறங்கியவரைப் பார்த்து அப்பா அழுதார். விறகுக் கட்டுக்கு வேட்டி சுற்றிவிட்டது மாதிரி இருந்தார் சித்தப்பா. சாப்பிட்டு முடித்ததும் கடைசிக் கவளத்தைத் துணியில் முடிந்து இடுப்பில் சொருகிக்கொள்வார். அம்மா அதைக் கண்டும் காணாதது போல அடுப்படிக்குள் போய்விடுவாள். சயாமைப் பற்றி யார் கேட்டாலும், அங்கன மழை ரொம்ப என்பார்.

வடக்குத்தெரு அத்தை மறுநாளே வந்தாள். வாசல்படியைத் தாண்டாமல் நின்றாள். மாமா வேறு கேம்ப்பில் இருந்தார், வேறு கப்பலில் வருவார் என்று சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவள் சரி என்று போனாள். பிறகு பத்து நாளைக்கு ஒருமுறை வந்து கப்பலைப் பற்றிக் கேட்பாள். என்னைப் பார்த்தால் மட்டும் முகம் மாறும். என்னை மருமகனே என்றுதான் கூப்பிடுவாள். ஒழுகுகிற மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தால்தான் பெண் கொடுப்பேன் என்பாள். அவளுக்குப் பெண்ணும் இல்லை, பிள்ளையும் இல்லை.

எங்களைப் போன்ற பொடியன்களிடம் மட்டும் சித்தப்பா ஒரு கதை சொல்வார். சயாம் காட்டில் ஒரு மிருகம் உண்டாம். பன்றி உடம்பு. யானைக்கு வைக்க வேண்டியதை மிச்சம் பிடித்துச் சுருக்கி வைத்தது போல ஒரு மூக்கு. முன்பக்கம் கருப்பு, பின்பக்கம் கருப்பு, நடுமுதுகில் மட்டும் வெள்ளை வேட்டியைப் போர்த்திவிட்டது போல இருக்குமாம். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். வேட்டிப் பன்னி என்று அதற்குப் பெயர் வைத்தோம். திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னோம். அவரும் சொன்னார். ஒருமுறைகூட அவர் சிரிக்கவில்லை என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் நான் இந்தச் சரக்கை அவிழ்த்துவிட்டதும் பயல்கள் என்னைப் புளுகன் என்றார்கள். பட்டியலில் இல்லாத மிருகம் எப்படி இருக்கும்? எனக்கு ரோஷம். புத்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வைப்பதும் திரும்பப் பூட்டுவதும் என் பொறுப்பு. ஒருநாள் அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பின்பக்கத்தில் இரண்டு தாள்கள் ஈரத்தில் ஒட்டிக்கிடந்ததைக் கண்டேன். எச்சில் தொட்டுப் பிரித்தேன். உள்ளே வேட்டிப் பன்னி நின்றுகொண்டிருந்தது. அதே மூக்கு, அதே வேட்டி. என் கை என்னைக் கேட்காமல் தாளைக் கிழித்துவிட்டது.

மறுநாள் காலை வாத்தியார் கிழிசலைக் கண்டுபிடித்தார். புளிய விளாறு ஒன்றை ஒடித்துவரச் சொன்னார். ஒடித்து வந்தவன் நான். கிழித்தவன் எவன் என்று தெரிந்ததும் இதனால் தோலை உரித்து வாசலில் காயப்போடுவேன் என்றார். செய்கிற மனுஷர்தான். அன்றிலிருந்து அந்தத் தாளை எட்டாக மடித்து இடுப்பு அரணாக்கயிற்றில் சொருகி, டவுசருக்குள் வைத்துக்கொண்டே திரிந்தேன். வீட்டில் எங்கே வைத்தாலும் அம்மா கண்ணில் படும். என் இடுப்பைவிடப் பத்திரமான இடம் இந்த ஜில்லாவிலேயே இல்லை என்று நம்பினேன்.

சித்தப்பாவிடம் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் தாளை வாங்கி மடியில் வைத்து, அந்த வெள்ளைப் பகுதியின் மேல் கட்டைவிரலை வைத்தார். விரலை எடுக்காமலே, "இத வேற யாருக்காச்சும் காட்டுனியாலே?" என்றார்.

இல்லை என்றேன். அது பொய். வடக்குத்தெரு மாமாவின் அண்ணன் மகனுக்கு ஒரு கை நாவல்பழத்துக்குக் காட்டியிருந்தேன்.

அந்த அண்ணனை நாங்கள் பெரிய மாமா என்போம். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஐந்து பிள்ளைகள், நிலம் குறைவு. தம்பி பங்கு ஒரு ஏக்கர் நஞ்சை வாய்க்காலை ஒட்டிக் கிடந்தது. தம்பி மலாயா போன நாளிலிருந்து அதை அத்தைதான் பார்த்துக்கொண்டாள். எருச் சுமந்தது, நாற்று நட்டது, மடை திறக்க ஆண்பிள்ளைகளோடு மல்லுக்கு நின்றது எல்லாம் அவள். அந்த ஆனி மாதம் உழவுக்குத் தண்ணீர் வந்ததும் பெரிய மாமா ஊரைக் கூட்டினார். தம்பி இருக்கிறானா இல்லையா என்று ஒரு முடிவு வேண்டும் என்றார். இல்லை என்றால் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும். செய்ய வேண்டியது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். சாவு என்று கேதம் சொல்லிவிட்டால் தாலியை வாங்குவார்கள். பிள்ளை இல்லாத பொம்பளைக்கு அந்த வீட்டில் வேலை இல்லை. பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் தகரப்பெட்டியோடு அவளை அவள் அண்ணன் வீட்டுக்கு வண்டி ஏற்றிவிடுவார்கள். அந்த அண்ணன் தங்கை வருகிறாள் என்றால் கதவைச் சாத்துகிற ஆள்.

வெயில் தாழச் சாவடியில் கூட்டம் சேர்ந்தது. நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். என் இடுப்பில் இருந்த தாளுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? வாத்தியாரும் வந்திருந்தார். விளாறு கையில் இல்லை. ஆனாலும் அவர் கையைப் பார்த்தாலே எனக்கு விளாறு தெரிந்தது. அத்தை தூணுக்கு அந்தப் பக்கம், முந்தானையைப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

நாட்டாமை காளியம்மன் சன்னிதியிலிருந்து சூடத்தட்டைக் கொண்டுவரச் சொன்னார். சித்தப்பாவைக் கூப்பிட்டு, அணைத்துவிட்டுச் சொல்லச் சொன்னார். சூடத்தை அணைத்தபின் எங்கள் ஊரில் யாரும் பொய் சொன்னதில்லை. அதனால்தான் சித்தப்பா இத்தனை நாள் கோயில் பக்கமே போகாமல் இருந்தார் போல. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். பிறகு, "போயிட்டான்யா" என்றார்.

அத்தை அசையவில்லை. கண்ணால் பார்த்தாயா என்று நாட்டாமை கேட்டார். சித்தப்பா சொன்னார். மாமாவுக்கு வாந்திபேதி கண்டதாம். கண்டவர்களை ஓடைக்கு அக்கரையில் ஒரு கொட்டகையில் கொண்டுபோய்ப் போடுவார்களாம். அங்கே போனவர் யாரும் திரும்பியதில்லை. செத்தவர்களைப் பக்கத்துக் குழியில் போட்டு எரித்துவிடுவார்களாம்.

"குளிருதுன்னான். என் வேட்டிய அவுத்துப் போத்திவிட்டு வந்தேன்" என்றார் சித்தப்பா. "எனக்கும் காய்ச்சல். விடியப் போயிப் பாத்தா கொட்டகை காலி. குழியில பொகை வந்துக்கிட்டு இருந்துச்சு. அந்தப் பக்கம் மூங்கிப் பொதரோரமா என் வேட்டி கெடந்துச்சு. அய்யோ, ஊந்து வெளிய வந்து படுத்திருக்கான், உசுரு இருக்குன்னு பேரச் சொல்லிக் கூப்புட்டேன். எந்திரிச்சுச்சு. எந்திரிச்சு நடந்துச்சு. பின்னாலேயே ஓடுனேன்."

சூடம் சுட்ட உள்ளங்கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டார்.

"கிட்டக்கப் போயிப் பாத்தா அவன் இல்ல. அது அந்த மிருகம்."

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்த வேட்டிப் பன்னி அங்கே, புகைகிற குழிக்குப் பக்கத்தில், எழுந்து நடந்துபோனது. கூட்டத்தில் யாரோ, இது இவர் பொடியன்களுக்கு அளந்த கதையாயிற்றே என்றார்கள். வேட்டி கட்டிய பன்றி எந்த ஊரில் உண்டு என்று இன்னொருவர் கேட்டார்.

அப்போது அத்தை தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். சாவடியில் பொம்பளை குரல் எழும்பி நான் கேட்டது அன்றுதான். "அவுக எந்திரிச்சு நடந்தத இவரு கண்ணால பாத்திருக்காரு. பொணத்த யாரும் பாக்கல. நடந்து போன ஆளு நடந்து வருவாக. நான் இருந்துக்கிறேன்."

நாட்டாமை யோசித்தார். இப்படி ஒரு மிருகம் உலகத்தில் உண்டென்றால் எழுந்து போனது மிருகம், ஆள் குழிக்குள் போனான். இல்லையென்றால் எழுந்து போனது ஆள்தான், காய்ச்சல் மயக்கத்தில் இருந்த இவர் கண்தான் பிசகியது. கேட்கிறவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். அன்று அங்கே இருந்த யாரும் சிரிக்கவில்லை. வேறு என்ன கையில் இருந்தது அவர்களுக்கு? சயாமுக்குத் தந்தி அடித்துக் கேட்க முடியுமா?

வாத்தியாரை நோக்கித் திரும்பினார்கள். அவர் ஆளனுப்பிப் புத்தகத்தை வரவழைத்தார். முன்னால் இருந்த பெயர் வரிசையில் விரலை ஓட்டினார். கிழிந்த பக்கத்துக்கு நேரே ஒரு பெயர் இருக்கிறது, டாபிரோ டேபிரோ என்று வாசிக்கலாம், அது மிருகமா பறவையா என்று தனக்குத் தெரியாது, ஒட்டிக்கிடந்த தாளைத் தான் பிரித்துப் பார்த்ததில்லை என்றார். ஒரு பொம்பளை தாலி விஷயத்தில் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லமாட்டேன் என்றும் சொன்னார். நல்ல மனுஷர். அன்று எனக்கு அது தெரியவில்லை.

"பாத்தவன் இருக்கான்" என்றார் பெரிய மாமா. விரல் நேராக என்னைக் காட்டியது. "எம்பயகிட்டக் காட்டியிருக்கான். கிழிச்சவனும் இவன்தான்."

நாவல்பழம் தொண்டையில் திரும்ப வந்தது. நாட்டாமை என்னைத் தன் பக்கத்தில் அழைத்தார்.

"ஏலே, இங்கன வா. பயப்படாத. அந்த மாதிரிப் படத்தப் பாத்தியா, இல்லையா?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். பெரிய மாமா பார்த்தார். அத்தை பார்த்தாள். என் மூளை அன்றைக்குப் போட்ட கணக்கு மிகவும் எளிது. பார்த்தேன் என்றால் தோல் வாசலில் காயும். பார்க்கவில்லை என்றால் ஒன்றும் இல்லை. தாலி, ஏக்கர், அத்தை, சித்தப்பா ஒன்றும் அந்தக் கணக்கில் வரவில்லை. என் முதுகு மட்டும்தான் வந்தது.

"பாக்கல" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொல்கிறவனுக்கு நிறுத்தத் தெரியாது. அப்படி ஒரு மிருகமே இல்லை என்று ஆரம்பித்து, இருப்பது எவையெவை என்று பட்டியலை ஒப்பிக்கத் தொடங்கிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, கைகட்டி, வகுப்பில் நிற்பது போல. ஆப்பிரிக்காவில் வரிக்குதிரை, ஒன்றின் வரி இன்னொன்றுக்கு இருக்காது. சீனத்தில் ஒரு கரடி, கண்ணைச் சுற்றிக் கருப்பு, காலையிலிருந்து சாயங்காலம் வரை மூங்கில்தான் தின்னும். தென்கோடிப் பனியில் பென்குவின், பறக்காது, அதில் ஒரு ஜாதியில் ஆண்தான் முட்டையைக் காலின்மேல் வைத்து அடைகாக்கும், அத்தனை நாளும் சாப்பிடாது. கடலில் ஒரு திமிங்கிலம், முதுகு கருப்பு, வயிறு வெள்ளை, கூட்டமாக வேட்டையாடும். சீமையில் ஒரு வளைக்கரடி, மூஞ்சியில் வெள்ளைக் கோடு. அமெரிக்காவில் ஒரு பிராணி, முதுகில் வெள்ளைப் பட்டை, பயந்தால் பின்பக்கத்திலிருந்து பீச்சிவிடும். நாற்பது பெரிய மனுஷர்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். உலகத்துக் கருப்பு வெள்ளை மிருகங்களைப் பற்றி எங்கள் ஊர்ச்சாவடியில் நடந்த ஒரே சொற்பொழிவு அது. அமெரிக்கப் பிராணிக்கு வந்த இடத்தில்தான், என் காலில் ஏதோ சூடாக இறங்குவதை உணர்ந்தேன்.

"அவுத்துப் பாருங்க. இடுப்புலதான் வச்சிருக்கான்" என்றார் பெரிய மாமா. எழுந்து வந்து என் டவுசரைப் பிடித்தார். நான் இரண்டு கையாலும் இடுப்பைப் பொத்திக்கொண்டு கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. காளியம்மனைக் கூப்பிட்டிருப்பேன், அல்லது அம்மாவை. கால்வழி ஓடிச் சாவடித் தரை நனைந்தது. எட்டாக மடித்த சாட்சியமும் உள்ளே நனைந்துகொண்டிருந்தது.

சித்தப்பா என்னைப் பார்த்தார். என் இடுப்பில் என்ன இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் நிச்சயமாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பிறகு தூண் பக்கம் பார்த்தார். அத்தை நின்ற இடத்தை. எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்ல முடியாது. எனக்கு அப்போது நேரம் ஓடவில்லை, வேறுதான் ஓடியது.

"அவன விடுங்க" என்றார். எழுந்து வந்து பெரிய மாமாவின் கையை எடுத்துவிட்டார். "சின்னப்பய, அவனுக்கு என்ன தெரியும். அப்படி ஒரு மிருகம் இல்ல. நான் புள்ளைகளுக்குக் கட்டுன கதை. அன்னைக்கு எந்திரிச்சுப் போனது அவன்தான். எனக்குக் காய்ச்சல். ஆளு தெரியல."

நாட்டாமையின் முகம் சுருங்கியது. "சூடம் அணைச்சுல்ல சொன்ன."

"ஆத்தா எனக்குத் தர்றதத் தரட்டும்."

அவ்வளவுதான். மாமா திரும்பி வரும்வரை நிலம் அத்தையிடம், அவள் இருக்கும் வீடு அவளுக்கு என்று நாட்டாமை முடித்தார். பெரிய மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். போகிற போக்கில் சித்தப்பாவின் காலடியில் துப்பினார். கூட்டத்தில் ஒருவர், அடுத்து சயாமில் சேலை கட்டிய யானை வரும் பாருங்கள் என்றார். அதற்கு மட்டும் எல்லோரும் சிரித்தார்கள்.

அத்தை எங்கள் பக்கமாக வந்தாள். சித்தப்பாவின் முன்னால் வந்து நின்றாள். அவரிடம் ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். குனிந்து என்னிடம், "மருமகனே, போயி டவுசர மாத்து" என்றாள். குரல் அவள் குரல் மாதிரியே இல்லை.

சித்தப்பா என்னை வாய்க்காலுக்குக் கூட்டிப்போனார். டவுசரை அவிழ்த்து அலசினார். அரணாக்கயிற்றிலிருந்த தாள் கூழாகிப் போயிருந்தது. கருப்பு எது, வெள்ளை எது என்று தெரியாதபடி மை பரவிக்கிடந்தது. அதைப் பிரிக்கப் பார்த்தார். கையோடு வந்தது. தண்ணீரில் விரலை விரித்தார், போய்விட்டது. நான் அம்மணமாகக் கரையில் உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தேன். ஆனாலும் எனக்குள் ஒரு பெருமை ஊறிக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டேன்.

"எனக்காகவா சித்தப்பா பொய் சொன்னீக?"

அவர் டவுசரைப் பிழிந்துகொண்டே இருந்தார். தண்ணீர் முழுவதும் வடிந்தபிறகும் பிழிந்தார்.

"ஆமாலே" என்றார். "பெறகு யாருக்காக."

என் முதுகுத் தோலுக்காகச் சாமி முன்னால் சொன்ன வாக்கையே மாற்றிப் பேசிய சித்தப்பா உலகத்தில் வேறு யாருக்கு உண்டு? அன்றிலிருந்து அவருக்கு நான் அடிமை. அப்பாவின் பீடிக்கட்டிலிருந்து ஒன்றிரண்டு திருடிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். வாங்கிக்கொள்வார், பற்றவைக்க மாட்டார். ஊரில் அவருக்குச் சயாம் புளுகன் என்று பெயர் வந்தது. சந்தையில், களத்தில், கல்யாண வீட்டில் அவர் வாயைத் திறந்தால் யாராவது வேட்டிப் பன்னியைப் பற்றிக் கேட்பார்கள். மழை வரும் போலிருக்கிறது என்று அவர் சொன்னால்கூட வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நம்புவார்கள். அவர் எழுந்து போய்விடுவார். கோயிலுக்குள் போனதும் இல்லை, வடக்குத்தெரு வழியாக நடந்ததும் இல்லை. பெண் பார்க்கலாம் என்று அப்பா எத்தனையோ முறை சொன்னார். சிரித்து மழுப்பிவிடுவார்.

அத்தை அந்த ஏக்கரை உழுதாள். தலை முழுக்க நரைத்த பிறகும் நெற்றியில் காசளவு குங்குமம் வைத்திருந்தாள். தேனிப் பக்கமிருந்து பஸ் வந்து நிற்கும்போது வரப்பில் நிமிர்ந்து நின்று, யார் இறங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு மறுபடி குனிவாள். நம்பித்தான் பார்த்தாளா, ஊர் பார்க்கவேண்டும் என்று பார்த்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளிடம் கேட்கும் தைரியம் எனக்கு வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. சாவடி கூடிய அடுத்த மாதம் ஆடி அமாவாசை வந்தது. எங்கள் வீட்டில் அன்று சுருளிக்குப் போய் அருவித் தண்ணீரில் முழுகி, முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வருவது வழக்கம். அப்பாதான் போவார். அந்த வருஷம் அவருக்கு மலைக்காய்ச்சல் கண்டு கம்பளிக்குள் நடுங்கிக்கிடந்ததால் சித்தப்பா போனார். அடம்பிடித்து நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

கரை நெடுக ஆட்கள். எங்களுக்குத் தர்ப்பணம் செய்துவைத்தவர் ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா பெயரைச் சொல்லி ஒரு பிண்டம், பாட்டனார் பெயரைச் சொல்லி ஒன்று, பூட்டனார் பெயரைச் சொல்லி ஒன்று என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டார். நான் சித்தப்பாவின் பக்கத்தில் குந்தி, ஈர இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மூன்று உருண்டை வைத்தார். பெயர்களைச் சத்தமாகச் சொன்னார். பிறகு தட்டில் மிச்சமிருந்த சோற்றையெல்லாம் கூட்டிப் பிசைந்து, மற்ற மூன்றையும்விடப் பெரிதாக ஒரு உருண்டை பிடித்தார். அதைப் பிடிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். அருவிச் சத்தத்தில் அவர் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. இலையின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, அந்த உருண்டையின் மேல் காற்றுப் படாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

கணக்கில் நான் கெட்டிக்காரன். தோளைத் தட்டினேன்.

"சித்தப்பா, ஒண்ணு கூட இருக்கு. மூணுதான் சொன்னாக."

"இருக்கட்டும்லே" என்றார். "எனக்கு எண்ண வராது."

எனக்குப் பாவமாக இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிப்போன மனுஷர்தானே. எனக்காக இவ்வளவு செய்தவருக்கு நான் இதையாவது செய்யலாம் என்று, திரும்பி வரும்போது வண்டியில் அவர் கைவிரலை ஒவ்வொன்றாகப் பிடித்து எண்ணக் கற்றுக்கொடுத்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. கம்பம் தாண்டும்வரை சொல்லிக்கொடுத்தேன். பொறுமையாக என் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு முறையும் மூன்றோடு நின்று, நான்காவது விரலைத் தானே மடக்கிக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக, சித்தப்பாவுக்கு மூன்று வரைகூட எண்ணத் தெரியவில்லை, இலையில் நாலு உருண்டை வைத்துவிட்டார் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். சொல்லிவிட்டு, சிரிப்பை எதிர்பார்த்து நின்றேன். அம்மா கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். அப்பா கம்பளியை விலக்கி, காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்தார். நல்ல வேடிக்கையைச் சொல்லியும் ஒருவரும் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை சரியாகச் சொல்லவில்லையோ என்று இன்னொருமுறை சொன்னேன்.